வாய்விட்டுத் தேடும் இணைப்பி

லினக்ஸில் ஒரு நிரல், பகிர்வு நூலகத்தைத் திறக்க முடியவில்லை என்று ஒரே வரியில் நின்றுவிடும். கோப்போ கண்ணெதிரே இருக்கும். அப்போது எனக்குக் கைகொடுப்பது எல்டி_டீபக் என்கிற சூழல் மாறி. அதற்கு ‘லிப்ஸ்’ என்று மதிப்புக் கொடுத்து அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் போதும். நிரலைத் தொடவே வேண்டாம்.

நூலகங்களைத் தேடி ஏற்றும், அதுவரை ஊமையாக இருந்த இணைப்பி பேச ஆரம்பிக்கும். இந்த நூலகம் வேண்டும், இந்த அடைவில் பார்க்கிறேன், இந்தக் கோப்பை முயல்கிறேன் என்று வரிவரியாக, ஒவ்வொன்றின் முன்னாலும் செயல்முறை எண்ணோடு. தேடும் வரிசையும் தெரியும்: எல்டி_லைப்ரரி_பாத் சொல்லும் இடங்கள், நிரலுக்குள் பதிந்த ரன்பாத், பிறகு எல்டி.எஸ்ஓ.கேஷ், கடைசியில்தான் வழக்கமான அடைவுகள். இரண்டு நாள் தண்ணி காட்டிய ஒரு கோளாறு எனக்கு இங்கேதான் பிடிபட்டது: எப்போதோ .பாஷ்ஆர்சியில் எழுதிவைத்து மறந்த பாதையிலிருந்து நூலகத்தின் பழைய பதிப்பு முந்திக்கொண்டு ஏறியிருந்தது. ‘டிரையிங் ஃபைல்’ என்ற அந்த வரியைப் பார்த்ததும் வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

‘ஹெல்ப்’ என்று கொடுத்தால் தனக்குத் தெரிந்த மற்ற விருப்பங்களையும் அதுவே சொல்லிவிடும். ஆனால் ‘லிப்ஸ்’ காட்டுவதில் எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி. நிரல் முடியும்போது, ‘காலிங் ஃபினி’ என்று ஒவ்வொரு நூலகத்தையும் பெயர் சொல்லி வழியனுப்பும்.