கே. சுப்பிரமணியத்தின் படங்களில் இல்லமும் நீதிமன்றமும்

தமிழ்த் திரைப்படத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கே. சுப்பிரமணியத்தின் பெயர் வருமிடத்தில் ஒரு செய்தியைத் தவறாது கூறுவர். அவர் நெறிப்படுத்திய ‘தியாகபூமி’ ஆங்கில ஆட்சியினராற் தடைசெய்யப்பட்டது என்பதே அச்செய்தி. அது உண்மையானது, பெருமைக்குரியதுங்கூட. ஆயினும், அதனைக் கூறியவளவில் அவரைப்பற்றிக் கூறவேண்டியன யாவும் முடிந்தனவாகக் கொள்ளும் வழக்கம் ஆராயத்தக்கது. ஆட்சியாளர் அப்படத்தில் எதனைக் கண்டு அஞ்சினர் என்பதைத் தடையுத்தரவு காட்டும். தமிழ்க் குடும்பத்தை நோக்கி அப்படம் எதனைக் கேட்டது என்பதை அது காட்டாது. தடையினாற் கிடைத்த புகழ் இந்த இரண்டாவது கேள்வியை ஏறக்குறைய மூடிவிட்டது எனலாம். சுப்பிரமணியத்தின் திரைப்பணியில் நிலைத்து நிற்கத்தக்கது எதுவென்று காண விழைவோர் அம்மூடியை முதலில் அகற்றுதல் வேண்டும்.

1904ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்திற் பிறந்த சுப்பிரமணியம் சட்டம் பயின்றவர். இவ்வொரு செய்தி, அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் வெறும் பட்டமாகவே இடம்பெற்று வந்துள்ளது. பின்னர் வருவனவற்றை நோக்குமிடத்து அஃது அத்துணை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஊமைப்படக் காலத்தில் ராஜா சாண்டோவுடன் இணைந்து கதையமைப்பிற் பயிற்சி பெற்ற அவர், 1934இல் ‘பவளக்கொடி’யை நெறிப்படுத்தியதன் மூலம் பேசும்படத்துறையிற் புகுந்தார். மேடையிற் புகழ்பெற்றிருந்த எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் அப்படத்தின் வாயிலாகவே திரைக்கு வந்தனர். சென்னை அடையாற்றில், மின்விளக்கின்றி வெயிலொளியைக் கொண்டே அது படமாக்கப்பட்டது. ஏறத்தாழ 50 பாடல்கள். அல்லி, அருச்சுனன், பவளக்கொடி என மக்கள் நன்கறிந்த கதை. மேடை நாடகம் அப்படியே படச்சுருளுக்கு இடம்பெயர்ந்தது என்பதற்கு மேல் இப்படத்தைப்பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. ‘நவீன சதாரம்’, ‘பக்த குசேலா’ ஆகியனவும் அவ்வழியே வந்தவை. குசேலர் கதையிற் கண்ணனாகவும் குசேலரின் மனைவி சுசீலையாகவும் சுப்புலட்சுமி ஒருவரே தோன்றினார் என்பது மட்டும் நினைக்கத்தக்கது. நடிப்பாற்றலின் மீது நெறியாளர் வைத்திருந்த நம்பிக்கையை அது காட்டுகின்றது.

திருப்பம் 1937இல் வெளிவந்த ‘பாலயோகினி’யுடன் நேர்ந்தது. புராணத்தை விட்டு அக்காலத்துப் பிராமண இல்லத்தினுட் கமராவைக் கொண்டுசென்றார் சுப்பிரமணியம். ஆதரவற்ற சிறுமியொருத்தி, அதிகாரியின் வீட்டிலிருந்து துரத்தப்பட்டுத் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த வேலைக்காரனின் குடிசையில் அடைக்கலம் பெறுகின்றாள். அவளுடன் இளம் விதவையொருத்தியும் சேர்கின்றாள். விதவைப் பாத்திரத்துக்கு, மெய்யாகவே கைம்மைக் கோலம் பூண்டிருந்த பிராமணப் பெண்ணொருவரையே நடிக்கவைத்தமை வைதிகரிடையே பெருஞ் சினத்தை மூட்டியது. அவரைச் சாதியினின்றும் விலக்கியதாக அவர்கள் அறிவித்தனர் என்பர். ஒப்பனையால் ஆக்கப்படும் விதவையை மேடையிற் கண்டு கண்ணீர் உகுத்த அதே மக்கள், உண்மை விதவையைத் திரையிற் காணப் பொறாதவராயினர். நடிப்பென்னும் திரை விலகியதும் இரக்கமும் விலகிவிட்டது போலும்!

எனினும், ‘பாலயோகினி’யின் வாதம் ஒரு குழந்தையின் வாயில் வைக்கப்பட்டிருந்தது என்பதையும் கூறுதல் வேண்டும். பேபி சரோஜாவின் மழலையில் மயங்கிய தமிழ்நாடு, பிறந்த பெண்மக்களுக்கெல்லாம் சரோஜா என்று பெயரிட்டது. குழந்தை கேட்கும் கேள்வி எவ்வளவு கூரியதாயினும், கேட்பவர் அதனைச் சுவைத்துவிட்டு விடை கூறாது செல்ல இயலும். அப்படத்தின் வெற்றியிலேயே அதன் குறையும் அடங்கியிருந்தது.

மறு ஆண்டு வெளிவந்த ‘சேவாசதனம்’, பிரேம்சந்தின் நாவலைத் தழுவியது. முதியவருக்கு மணஞ்செய்து கொடுக்கப்பட்டுப் பின் ஐயத்துக்குள்ளாகி இல்லத்தினின்றும் வெளியேற்றப்படும் பெண்ணாக எம். எஸ். சுப்புலட்சுமி முதன்முறையாகத் திரையிற் தோன்றினார், கணவராக எவ். ஜி. நடேச ஐயர் நடித்தார். இங்கே குழந்தையின் இடத்தைப் பெண்ணே பெற்றுவிட்டாள். ஆயினும் அவள் துரத்தப்படுபவளாகவே இருக்கின்றாள், தானாக வெளியேறுபவளல்லள். இவ்விரு படங்களின் காட்சியமைப்பைக் குறித்து இங்கே தீர்ப்புரைத்தல் நோக்கமன்று. கதைப்போக்கைக் கொண்டு நோக்குமிடத்து, வீட்டு வாயிலைக் கடக்கும் பெண்ணே சுப்பிரமணியத்தின் நெஞ்சை விடாது பற்றியிருந்தாள் என்பது மட்டும் தெளிவாகும். முதலிற் சிறுமியும் விதவையும் கடந்தனர்; அடுத்து மனைவி கடந்தாள். மூன்றாமுறை கடப்பவள் சாவித்திரி.

1939 மே 20இல் வெளிவந்த ‘தியாகபூமி’யின் கதையை எழுதியவர் கல்கி. படப்பிடிப்பில் எடுக்கப்பட்ட நிழற்படங்களுடன் அது ‘ஆனந்த விகட’னிற் தொடராக வெளிவந்தது; நாவலும் படமும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தன. நெடுங்கரைக் கிராமத்துச் சம்பு சாஸ்திரி, புயலிலும் மழையிலும் குடிசையிழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தம் இல்லத்தில் இடமளித்தமையால் ஊராராற் புறக்கணிக்கப்படுகின்றார். மகள் சாவித்திரியை மேனாட்டு நாகரிகத்தில் மூழ்கிய ஸ்ரீதரனுக்கு மணஞ்செய்வித்துப் பொருளையும் இழக்கின்றார். கணவன் வீட்டிற் துன்புற்றுக் கருவுற்ற நிலையில் துரத்தப்பட்ட சாவித்திரி, பெற்ற குழந்தையை உறங்கும் தந்தையின் அருகிற் கிடத்திவிட்டு மறைகின்றாள். பம்பாயிற் பெருஞ்செல்வத்துக்கு உரியவளாகி, உமாராணி என்னும் பெயருடன் மீள்கின்றாள். செல்வத்தைக் கேள்வியுற்ற ஸ்ரீதரன், மனைவி தன்னுடன் வந்து வாழவேண்டுமென வழக்குத் தொடுக்கின்றான்.

இப்படத்தில் இரண்டு கேள்விகள் இணைந்து வருகின்றன. ஒன்று சாதியைப்பற்றியது, மற்றையது மனைவியைப்பற்றியது. இவற்றுக்கு நெறியாளர் கண்ட விடைகள் ஒருதன்மையவல்ல என்பதே உற்று நோக்கற்பாலது. சாதிக் கேள்விக்கு அவர் தரும் விடை இரக்கம். சம்பு சாஸ்திரி கதவைத் திறக்கின்றார். குடிசைமக்கள் உள்ளே வருகின்றனர். பின்னர் சாஸ்திரியாரே சேரிக்குச் சென்று அவர்களிடையே வாழ்கின்றார். அம்மக்கள் நன்றியுடையோராகவும் பணிவுடையோராகவும் காட்டப்படுகின்றனரேயன்றித் தமக்குரியதைக் கேட்போராக எவ்விடத்தும் காட்டப்படவில்லை. படம் வெளிவந்து இரு மாதங்களும் நிறையுமுன், 1939 யூலை 8இல், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தனர். அந்நிகழ்ச்சியின் அருகில் வைத்து நோக்கும்போது, சம்பு சாஸ்திரியின் அறம் உயர்ந்ததாயினும் கொடுப்போனின் அறமாகவே நின்றுவிடுகின்றது. காந்தியடிகளின் வழிநின்ற கல்கியின் எல்லையும் சுப்பிரமணியத்தின் எல்லையும் இங்கே ஒன்றாகின்றன.

சம்பு சாஸ்திரியாகத் தோன்றியவர் பாபநாசம் சிவன். அவர் இசைவாணர், தேர்ந்த நடிகரல்லர். முகத்திற் பாவமாற்றங்கள் குறைவு. வசனத்தை ஒரே சீராகக் கூறுகின்றார். மேடை நடிகரொருவர் இப்பாத்திரத்தை ஏற்றிருப்பின் ஒவ்வொரு துன்பத்துக்கும் கையையும் கண்ணையும் உயர்த்தியிருப்பார். சிவனின் அசைவின்மை இங்கே குறையாகாது நிறைவாகின்றது. பாடும்போது மட்டும் அவர் நெஞ்சம் திறக்கின்றது. இத்தெரிவு ஒன்றே சுப்பிரமணியத்தை அக்காலத்து நெறியாளர் பலரினும் உயர்த்தப் போதியது. பாடல்களின் மிகுதியாற் கதை ஆங்காங்கே தேங்குகின்றது என்பதும், கமரா நெடுநேரம் ஓரிடத்திலேயே நின்றுவிடுகின்றது என்பதும் மறுக்கவொண்ணாதன.

மனைவியின் கேள்விக்கு வருமிடத்து இரக்கம் பின்வாங்கி உரிமை முன்னே வருகின்றது. கணவன் தாம்பத்திய உரிமையை நாடி மன்றேறுகின்றான். சாவித்திரி அவனுடன் வாழ மறுக்கின்றாள். வேண்டுமாயின் அவனுக்குத் தான் ஜீவனாம்சம் தருவதாகக் கூறுகின்றாள். இக்கூற்றின் கூர்மையை உணர்வதற்கு அக்காலத்துச் சட்டநிலையை அறிதல் வேண்டும். இவ்வகை வழக்கு தமிழ்த் திரை புனைந்த புதுமையன்று. 1884 முதல் 1888 வரை பம்பாயில் ருக்மாபாயின் மீது நடைபெற்ற வழக்கும் இதுவே. கணவனிடம் செல்லுதலினும் சிறை செல்லுதல் மேலென்று அவர் கூறிநின்றார். அரை நூற்றாண்டின் பின்னரும் நிலைமை பெரிதும் மாறியிருக்கவில்லை. கணவனைப் பிரிந்து வாழ்வதற்கும் வாழ்க்கைப்பொருள் பெறுவதற்கும் இந்துப் பெண்ணுக்கு வழிசெய்த தனிச்சட்டம் 1946இலேயே இயற்றப்பட்டது. மணமுறிவுக்கு இடமளித்த சென்னை மாகாணச் சட்டம் 1949இல் வந்தது. இந்தியா முழுமைக்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955இல் வந்தது. எனவே 1939இல் எந்த நீதிபதியாலும் சாவித்திரிக்கு மணமுறிவு அளித்திருக்க இயலாது. அவள் பேசுவது நீதிபதியை நோக்கியன்று. அரங்கில் அமர்ந்திருந்த தந்தையரையும் கணவரையும் நோக்கியேயாம். ஜீவனாம்சம் என்னும் சொல்லைக் கணவனின் பக்கம் திருப்பிவிட்ட அந்த ஓரிடத்தில், கொடுப்போன் ஆண், பெறுவோள் பெண் என்னும் ஒழுங்கு முழுதும் தலைகீழாகின்றது. சட்டம் பயின்ற ஒருவரே இக்காட்சிக்கு இத்துணை இடமளித்திருத்தல் கூடும்.

இந்நீதிமன்றத்தை எந்த அரசும் தடைசெய்யவில்லை. படம் வெளிவந்த காலத்தில் சென்னையில் இராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை இருந்தது. 1939 ஒக்டோபரில் அது பதவி துறந்தது. மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சிக்குட்பட்டது. கதர், ஊர்வலம், தேசசேவைக்கு அழைக்கும் பாடல் முதலியன யுத்தகாலத்து அதிகாரிகளின் கண்ணை உறுத்தின. தடை வருதலை அறிந்ததும் சென்னைக் கெயிட்டி அரங்கிற் படம் இலவசமாகக் காட்டப்பட்டது, மக்கள் திரண்டனர், பொலிசார் புகுந்து கலைத்தனர். அன்று தொடக்கம் ‘தியாகபூமி’ தேசபக்திப் படமாயிற்று. சாவித்திரியின் வழக்கு பின்னணியிற் சென்று மறைந்தது.

அவ்வாறு மறைதற்குப் படத்தின் முடிவும் ஒரு காரணமாகும். சாவித்திரி தன் செல்வத்தைத் துறந்து தேசவிடுதலை இயக்கத்திற் சேர்ந்து சிறை செல்கின்றாள். மனந்திருந்திய ஸ்ரீதரனும் அதே வழியைப் பின்பற்றுகின்றான். மன்றத்திற் தீராத வழக்கு தேசத்தின் பெயரால் தீர்த்துவைக்கப்படுகின்றது. மனைவியாக அவனிடம் செல்ல மறுத்தவள், தொண்டனாக அவனை ஏற்க மறுத்தற்கு இடமில்லை. இஃது அழகிய தீர்வு, ஆயினும் தப்புவழி. ஸ்ரீதரன் செய்த கொடுமைக்கு விடை கூறவேண்டிய இடத்தில் தேசம் வந்து நின்றுகொள்கின்றது. 1939இல் இதனினும் துணிவாக முடித்திருத்தல் இயலுமோவெனின், இயலாது போயிருக்கலாம். காலத்தின் எல்லையைக் கூறிக் குறையைப் பொறுக்கலாமேயன்றி அதனை நிறைவென்று போற்றுதல் திறனாய்வாகாது.

பின்னைய ஆண்டுகள் விரைவிற் கூறத்தக்கன. 1940இல் வந்த ‘பக்த சேதா’ செருப்புத் தைக்கும் தொழிலாளியொருவனின் பக்தியைப் பாடியது. சாதிக் கேள்வி மீண்டும் புராணத்துட் சென்று ஒதுங்கிற்று. ‘கச்ச தேவயானி’ (1941) டி. ஆர். ராஜகுமாரிக்குப் புகழ் தந்தது. சுப்பிரமணியம் முன்னின்று அமைத்த படப்பிடிப்பு நிலையம் தீக்கிரையாயிற்று. ‘தியாகபூமி’யை விநியோகித்த எஸ். எஸ். வாசனே அந்நிலையத்தை ஏலத்தில் வாங்கி ஜெமினி ஸ்டூடியோவை நிறுவினார். யுத்தகாலத்திற் படச்சுருளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது; படத்தின் நீளம் 11,000 அடிக்குக் குறுக்கப்பட்டது; யுத்த முயற்சிக்கு ஆதரவான படங்களை எடுக்குமாறு தயாரிப்பாளர் நெருக்கப்பட்டனர். ஆங்கில ஆட்சியினராற் தடைசெய்யப்பட்ட படத்தை எடுத்தவர், அவ்வாட்சியின் யுத்தத்துக்கு ஆதரவாக ‘மானசம்ரட்சணம்’ எடுக்க நேர்ந்தது. இதனைக் கொண்டு அவரைப் பழிப்பது எளிது. நிலையத்தையும் முதலையும் இழந்த ஒரு தயாரிப்பாளருக்கு அன்று எஞ்சியிருந்த வழிகள் எத்தனை என்று எண்ணிப்பார்ப்பது கடினம்.

அவருடைய ஆற்றல் அதன்பின் படங்களினும் நிறுவனங்களிலேயே பெரிதும் செலவாயிற்று. 1942இல் நிருத்யோதயா நடனப் பள்ளியை நிறுவினார். தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையிற் தலைமை வகித்தார். 1952இல் அமைந்த நடிகர் சங்கத்தின் முதற் தலைவரானார். 1971இல் அவர் மறைந்தபோது இத்தொண்டுகளே பெரிதும் நினைக்கப்பட்டன. தொண்டுகள் மெய்யானவை. ஆனால் ‘விகடயோகி’ (1946), ‘கீத காந்தி’ (1949) ஆகிய பிற்காலப் படங்களில் வீட்டு வாயிலைக் கடந்த அந்தப் பெண் மீண்டும் அதே வலிமையுடன் தோன்றவில்லை.

‘தியாகபூமி’யின் பிரதி புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றது. விடுதலைப் போராட்டத்தின் நினைவுச் சின்னமாகவே அஃது அவ்வப்போது திரையிடப்பட்டு வந்துள்ளது. அதனைக் காண வாய்ப்புப் பெறுவோர் ஊர்வலக் காட்சிகளுக்குக் காத்திராது, நீதிமன்றத்தில் எஸ். டி. சுப்புலட்சுமியின் முகத்தை நோக்குவாராக. குரலை உயர்த்தாது, கணவனுக்கு எவ்வளவு தரலாமெனக் கணக்குப் பேசும் அந்த முகத்தைக் கண்டு ஆட்சியினர் அஞ்சியிலர்; அஞ்சியிருக்க வேண்டியோர் அரங்கினுள்ளே கட்டணஞ் செலுத்தி அமர்ந்திருந்தனர்.