மறுக்கும் உரிமையும் தடுக்கும் பழக்கமும்: கல்லூரி பந்த் குறித்து

ஒரு கோரிக்கையை முன்னிறுத்தி மாணவர் அமைப்புகள் வகுப்புகளை நிறுத்துவது சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ‘கல்லூரி பந்த்’ என்று வழங்கப்படுகிறது. தோற்றத்தில் இது ஒரே செயலாகத் தெரிந்தாலும், வகுப்புக்குச் செல்ல மறுப்பது, செல்ல விரும்புவோரைத் தடுப்பது என்னும் வெவ்வேறான இரு செயல்கள் இதனுள் அடங்கியுள்ளன. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் பந்தைப் போற்றுவதும் பழிப்பதும் எளிது; மதிப்பிடுவதுதான் கடினம்.

இம்முறையின் வலிமைக்கு ஆந்திர வரலாற்றிலேயே சான்று உண்டு. விசாகப்பட்டினத்தில் உருக்காலை வேண்டுமென 1966-இல் எழுந்த கிளர்ச்சியில் மாணவர்கள் பெருந்திரளாக இறங்கினர். அவ்வாண்டு நவம்பர் 1 அன்று அந்நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1970 ஏப்ரலில் இந்திரா காந்தி ஆலைக்கான அறிவிப்பை நாடாளுமன்றத்தில் வெளியிட்டார். வாக்குரிமை வயது 21 ஆக இருந்த அக்காலத்தில், வாக்களிக்க இயலாத இளைஞர் பலருக்குத் தெருவே பேரவையாக இருந்தது. வளாக அரசியல் தலைமைக்குப் பயிற்சிக்களமாகவும் விளங்கியது. 1954-இல் திருப்பதியில் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் மாணவர் அரசியலிலிருந்து சந்திரபாபு நாயுடுவும், அதே நகரின் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர்களின் தலைவராக இருந்த ராஜசேகர ரெட்டியும் 1978-இல் ஒருசேரச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து, பின்னர் ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற முதலமைச்சர்களானது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

எனினும், ஒரு போராட்டத்தின் பெருக்கம் அதன் கருத்து சரியானது என்பதற்குச் சான்றாகிவிடாது. தனித் தெலங்கானா கோரி உஸ்மானியா பல்கலைக்கழக மாணவர்கள் கையாண்ட அதே புறக்கணிப்பையும் ஊர்வலத்தையும், 2013-இல் ‘சமைக்யாந்திரா’ என்னும் ஒன்றுபட்ட ஆந்திரக் கோரிக்கைக்காகத் திருப்பதி மாணவர்களும் கையாண்டனர். கருவி ஒன்று, நோக்கங்கள் நேர்மாறானவை. உஸ்மானியாவில் பிரிவினையை மறுப்பதற்கும், திருப்பதியில் அதனை ஏற்பதற்கும் ஒரு மாணவருக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதே கருத்துரிமையின் உண்மையான அளவுகோல். பெரும்பான்மையின் முழக்கத்தை உரக்க ஒலிக்கச் செய்யும் பந்த், அவ்வளாகத்திலேயே சிறுபான்மையாக இருப்போரின் குரலை அமுக்கிவிடவும் கூடும்.

சட்டமும் இவ்வேறுபாட்டையே சுட்டுகிறது. அரசமைப்பின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையையும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும் வழங்கி, அவற்றின் மீது நியாயமான கட்டுப்பாடுகளையும் அனுமதிக்கிறது. அழைப்பு விடுப்பது வேறு, அச்சுறுத்தி அனைத்தையும் முடக்குவது வேறு என்று வகுத்து, பந்தை அரசமைப்புக்கு முரணானது எனக் கேரள உயர் நீதிமன்றம் 1997-இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டிலேயே உறுதி செய்தது.

பந்தின் சுமை யார்மீது விழுகிறது என்பதும் எண்ணத்தக்கது. பூதலப்பட்டு போன்ற ஊரிலிருந்து காலையில் பேருந்தேறித் திருப்பதிக்கு வரும் மாணவி, கல்லூரி வாசலில் கொடிகளோடு நிற்கும் கூட்டத்தையும் உள்ளே விடுமுறை அறிவித்துவிட்ட நிர்வாகத்தையும் கண்டு திரும்ப வேண்டியிருக்கிறது. அவளிடம் கருத்து கேட்டவர் எவருமில்லை. ஃபீஸ் ரீஇம்பர்ஸ்மென்ட் எனப்படும் அரசின் கல்விக் கட்டணத் திருப்பீட்டுக்கு 75 விழுக்காடு வருகைப்பதிவு தேவைப்படுகையில், நாள்களின் இழப்பு வசதியுள்ளவரைவிட அவளையே மிகுதியாகத் தாக்குகிறது. ஆனால் அத்தொகை தாமதமாகும்போது அவளுக்காகக் குரல் எழுப்புவதும் பெரும்பாலும் அதே மாணவர் அமைப்புகளே என்பதால், அவற்றை வெறும் இடையூறாக மட்டும் கருதுவதும் நேர்மையாகாது.

பழுதின் வேர் வேறிடத்தில் உள்ளது. ஆந்திர வளாகங்களில் மாணவர் பேரவைத் தேர்தல்கள் 1980-களின் பிற்பகுதியில் நிறுத்தப்பட்டன. வளாக அரசியலை ஒழிக்கும் என எண்ணப்பட்ட அத்தடை ஒழித்தது பொறுப்புடைமையை மட்டுமே. கட்சிகளின் மாணவர் அணிகள் நிலைத்தன, அவற்றைக் கேள்வி கேட்கும் வாக்குச்சீட்டு மறைந்தது. தேர்ந்தெடுக்கப்படாத தலைவர், தமக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை வாசலை அடைத்தே காட்ட வேண்டியவராகிறார். வளாகத் தேர்தல்களின் பணபலத்துக்கும் வன்முறைக்கும் மருந்தாக லிங்டோ குழு 2006-இல் முன்வைத்து உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறிகள், வேட்பாளரின் செலவை 5,000 ரூபாய்க்குள் அடக்கி, அச்சிட்ட சுவரொட்டிகளை விலக்கிக் கையால் எழுதியவற்றை மட்டுமே அனுமதிக்கின்றன. இவை குறையற்றவை அல்ல. எனினும், தடையைவிட மேலானவை.

அரசுகளின் கையும் இதில் தூயதன்று. சாலைகளில் பொதுக்கூட்டங்களைக் கட்டுப்படுத்தி 2023 ஜனவரியில் ஆந்திர அரசு பிறப்பித்த அரசாணை எண் 1-ஐ அம்மாநில உயர் நீதிமன்றம் மே மாதம் ரத்து செய்தது. எதிர்க்கட்சியாக இருக்கையில் போராட்ட உரிமையைப் போற்றுவதும், ஆட்சிக்கு வந்தபின் அதனை ஒழுங்குப் பிரச்சினையாகக் காண்பதும் எந்த ஒரு கட்சிக்கும் மட்டுமே உரிய இயல்பல்ல.

ஆகவே, மறுக்கும் உரிமை காக்கப்பட வேண்டும்; தடுக்கும் பழக்கம் கைவிடப்பட வேண்டும். வளாகத்தில் வாக்குப்பெட்டி திரும்ப வைக்கப்படாதவரை முன்னது பின்னதிலிருந்து பிரியாது.