காதுக்கு ஏற்ற புத்தகம் எது?

உளவியலாளர் டேனியல் கானமனின் ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ (2011) நூலின் முதல் அத்தியாயம் ஒரு பெண்ணின் கோபமுகப் படத்தோடு தொடங்குகிறது. பார்த்த கணமே அவள் மனநிலை நமக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்து 17-ஐ 24-ஆல் பெருக்கச் சொல்கிறார். அங்கே மனம் நின்று, உழைத்துத்தான் நகர்கிறது. சட்டென்று முடிவெடுக்கும் மனம், நிதானமாக யோசிக்கும் மனம் என்ற நூலின் மையக் கருத்தை வாசகர் இந்த இரண்டு சோதனைகளிலேயே தனக்குள் அனுபவித்துவிடுகிறார். ஒலிநூலில் பேட்ரிக் ஈகன் தெளிவாகத்தான் வாசிக்கிறார். ஆனால் படங்கள் தனிக் கோப்பில் இருக்கின்றன, கேட்பவரோ பேருந்தில் இருக்கிறார். பெருக்கிப் பார்க்கச் சொன்ன குரலும் அவருக்காகக் காத்திருப்பதில்லை. நின்று யோசி என்று வற்புறுத்தும் ஒரு நூலை, சுமார் 20 மணி நேரம், நிற்காமல் ஓடும் வடிவத்தில் கேட்கிறோம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. எளிதாக மனத்தில் ஏறுவது உண்மை போலவும் தோன்றும் என்று அதே நூலில் கானமன் விளக்குகிறார். பயிற்சி பெற்ற குரலில், சரியான ஏற்ற இறக்கத்தோடு வரும் வாக்கியத்தைவிட எளிதாக ஏறுவது எது? அச்சில் சந்தேகம் வந்தால் கண் பின்னால் போகும், அடிக்குறிப்பைத் தேடும். ஒலிநூலில் பெரும்பாலும் குறிப்புகளே இருப்பதில்லை. ஒரு சொல்லோ காட்சியோ நம்மை அறியாமல் நம் நடத்தையை மாற்றிவிடும் என்று அவர் எழுதிய அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதில் சிறிய அளவிலான ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017-இல் கானமனே ஒப்புக்கொண்டார். அந்த அத்தியாயத்தைக் காதால் மட்டும் கேட்டவருக்கு, எந்த முடிவு எந்த ஆய்வின் மேல் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கும் வழியே குறைவு. கருத்து நூல்களை ஒலிநூலாகக் கேட்பதில் எனக்குள்ள முதன்மையான மறுப்பு இதுதான். புரியாமல் போவது சிறிய நட்டம். சோதிக்காமலே ஒப்புக்கொண்டுவிடுவது பெரிய நட்டம்.

படிப்பதையும் கேட்பதையும் ஒப்பிட்ட ஆய்வுகளும் ஒரே பக்கம் சாயவில்லை. 2016-இல் பெத் ரோகோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் ‘அன்புரோக்கன்’ நூலின் பகுதிகளைச் சிலருக்குப் படிக்கவும் சிலருக்குக் கேட்கவும் கொடுத்தனர்; புரிதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2010-இல் டேவிட் டேனியலும் வில்லியம் வுடியும் மாணவர்களுக்கு ஓர் உளவியல் கட்டுரையை இரு வடிவிலும் கொடுத்தபோது, கேட்டவர்கள் தேர்வில் பின்தங்கினர். முன்னது ஒரு போர்க்கைதியின் வாழ்க்கைக் கதை, பின்னது துறைசார்ந்த கட்டுரை. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் என் செவி அனுபவம் இந்த வேறுபாட்டையே உறுதிசெய்கிறது. நிகழ்ச்சிகளின் வரிசையைக் காது தவறவிடுவதில்லை. முதல் அத்தியாயத்தில் போட்ட நிபந்தனையை ஏழாம் அத்தியாயத்தில் நினைவுபடுத்திப் பொருத்துவது காதுக்குக் கடினம்.

இயற்கை நூல்களில் நிலைமை தலைகீழ். அங்கே வேகத்தை வாசகரிடமிருந்து பறிப்பதே நல்லது. ஆங்கிலத்தில் கதையல்லாத நூலை மௌனமாகப் படிப்பவர் நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்களைக் கடக்கிறார் என்பது மார்க் பிரைஸ்பார்ட் 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு. ஒலிநூல் வாசிப்பு ஏறக்குறைய 150 சொற்கள். பாசியையும் பனியையும் பற்றிய ஒரு பத்தியில் அந்தத் தாமதம்தான் கவனமாக மாறுகிறது. கெய்ர்ன்கார்ம் மலைகளைப் பற்றி நேன் ஷெப்பர்ட் எழுதிய ‘த லிவிங் மவுண்டன்’ சிறிய நூல். கண்ணால் ஒரே மாலையில் முடித்துவிட்டு மலையைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம். ஒலிநூலில் நடிகை டில்டா ஸ்விண்டன் குரலில் அப்படித் தாவ முடியாது. இத்தகைய நூலை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறவர்களிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

ராபின் வால் கிம்மரர் ‘பிரெய்டிங் ஸ்வீட்கிராஸ்’ நூலைத் தானே வாசித்திருக்கிறார். அவர் தாவரவியலாளர், போட்டவாட்டமி இனத்தவர். முன்னோரின் மொழியைச் சரளமாகப் பேசுவோர் ஒன்பது பேரே எஞ்சியிருந்ததையும், வளர்ந்த பிறகு அதைத் தான் கற்கத் தொடங்கியதையும் அதில் எழுதுகிறார். அச்சில் அந்தச் சொற்களைக் கண் எழுத்துக்கூட்டித் தடுமாறிக் கடக்கும். அவர் வாயில் அவை ஒலியாகவே வந்து சேர்கின்றன. ஒலிப்பதிவு இங்கே மூல நூலுக்கு ஒன்றைக் கூட்டுகிறது. எல்லா எழுத்தாளர்களும் நல்ல வாசிப்பாளர்கள் அல்லர் என்பது உண்மைதான், ஆனால் சொந்த நிலத்தைப் பற்றி எழுதியவருடைய தட்டையான குரலைக்கூட நடிகரின் மெருகைவிட நான் விரும்புவேன்.

எழுத்துக்கலை நூல்கள் நடுவில் பிளந்து நிற்கின்றன. ஸ்டீபன் கிங் தானே வாசித்த ‘ஆன் ரைட்டிங்’ (2000) நூலில் இளமைப் பகுதியும் 1999-இல் வேன் மோதியதைச் சொல்லும் பகுதியும் காதுக்கென்றே எழுதியவை போலிருக்கும். ஆனால் இறுதியில் அவர் தன் கதையின் முதல் வரைவையும் அதன்மேல் செய்த திருத்தங்களையும் காட்டுகிறார். வில்லியம் ஜின்ஸரும் ‘ஆன் ரைட்டிங் வெல்’ நூலில் தன் கைப்பிரதியின் அடித்தல் திருத்தல்களை அப்படியே அச்சிட்டிருக்கிறார். எந்தச் சொல் போனது, எது நின்றது என்பதை ஒரே பார்வையில் கண்டால்தான் அந்தப் பாடம் கைக்கு வரும். எழுதத் துணிவு வேண்டுமென்றால் கேளுங்கள், திருத்தக் கற்க வேண்டுமென்றால் அச்சுப் பிரதியை வாங்குங்கள் என்றுதான் இளைய நண்பர்களிடம் சொல்கிறேன்.

‘கேட்பது வாசிப்பே ஆகாது’ என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. ஒலிநூலே பார்வையற்றோருக்காகப் பிறந்தது. பிரிட்டனில் 1935-இல் தொடங்கிய பேசும் நூல் சேவையின் முதல் வெளியீடுகளில் அகதா கிறிஸ்டியும் ஜோசப் கான்ராடும் இருந்தனர். காதால் மட்டுமே படித்துச் சட்டமும் தத்துவமும் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக உருவான டெய்சி என்ற வடிவத்தில் அத்தியாயம், உட்தலைப்பு, பக்கம் என்று வேண்டிய இடத்துக்குத் தாவலாம், திரும்பிப் போகலாம். சந்தையில் விற்கும் ஒலிநூல்களோ பெரும்பாலும் அத்தியாயத் தாவலோடும், சில விநாடிகள் பின்னே போகும் பொத்தானோடும் நின்றுவிடுகின்றன. நான் சொன்ன குறைகளில் பாதி காதின் குறையல்ல, பதிப்பாளரின் குறை. உட்தலைப்புகளையும் குறிப்புகளையும் சேர்த்து, ஐயம் எழுந்த வாக்கியத்துக்கு உடனே திரும்ப வழி செய்துவிட்டால், கானமனையும் நான் காதால் படிக்கத் தயார்.