பலாமரத் தவிலும் பாயும் கிற்றாரும்: ரெக்னிக்கல் டெத் மெற்றலைக் கேட்கும் காது

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியின் கொடிகாமம் சந்தையில் பலாப்பழம் வாங்குகிறவர் முதலில் அதைத் தட்டிப் பார்ப்பார். ஓசையே பதத்தைச் சொல்லிவிடும். தவிலின் உடலும் பலாமரத்தைக் குடைந்து செய்வதுதான். தட்டலைக் கேட்டே பொருளை அறிந்து பழகிய தென்மராட்சிக் காதுக்கு ரெக்னிக்கல் டெத் மெற்றல் வெறும் இரைச்சலாகப் படுமா? முதல் ஐந்து நிமிடம் படலாம். அதன் பிறகும் அப்படியே படவேண்டியதில்லை என்பது இக்கட்டுரையின் கட்சி.

டெத் மெற்றல் 1980களில் அமெரிக்காவில், முக்கியமாகப் புளோரிடாவில் உருத்திரண்டது. சுருதி இறக்கிய கிற்றார், அடித்தொண்டையில் உறுமும் குரல், இரண்டு காலும் ஓயாமல் மிதிக்கும் பேஸ் டிரம் ஆகியவை அதன் அடையாளங்கள். மரணமும் சிதைவும் அதன் பாடுபொருள். இந்த இசைக்குள் நுட்பமான கணக்குப் புகுந்ததற்கு 1991ஆம் ஆண்டை எல்லைக்கல்லாகக் கொள்ளலாம். சக் ஷுல்டினரின் ‘டெத்’ குழு ‘ஹியூமன்’ அல்பத்தை வெளியிட்டது அந்த ஆண்டில். ஜாஸ் இசையின் லய நெளிவுகளை டெத் மெற்றலோடு பிணைத்த ‘ஏதியிஸ்ற்’ குழுவின் ‘அன்குவெஸ்ச்சனபிள் பிரசன்ஸ்’ அல்பமும் அதே ஆண்டில்தான் வந்தது. அதன் பேஸ் கிற்றார் பகுதிகளை உருவாக்கிய ரொஜர் பற்றர்சன் ஒலிப்பதிவுக்கு முன்பே வாகன விபத்தில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்றதை ரொனி சொய் வாசித்து நிறைவேற்றினார்.

அதே 1991இல் போருக்குள் இருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. இந்த இசை நம்மூருக்குப் பிந்தி வந்ததற்கு ரசனைக் குறைவைக் காரணம் சொல்ல முடியாது.

ஆனால் வேகமான, உரத்த, கணக்கு நிறைந்த இசை நமக்குப் புதிதல்ல. கோயில் திருவிழாக்களில் விடியும்வரை நடக்கும் மேளச் சமா வேறென்ன? 1933இல் பிறந்து 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைத் தமிழ்நாடும் வியந்து கேட்டது. அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதைப் பெற்றது. தென்மராட்சிக்கென்று கைதடி பழனியின் தவிலும் சாவகச்சேரி பஞ்சாபிகேசனின் நாதஸ்வரமும் இருந்தன. அந்தச் சபைகளில் தலையாட்டியவர்கள் எல்லாரும் சங்கீதம் படித்தவர்கள் அல்லர். கோர்வை சுற்றிச் சுழன்று சரியான இடத்தில் வந்து விழும்போது உடம்பு தானாகவே அதை அறிந்துகொண்டது.

ரெக்னிக்கல் டெத் மெற்றலின் ஈர்ப்பும் அந்த ‘வந்து விழுதலில்’தான் பெரிதும் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் இடையில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. தவிலில் தாளம் அசையாமல் நிற்கும். திஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என்று நடை அதன் மேல் மாறும். கையால் தாளம் போடுகிறவருக்குப் பிடிமானம் இருக்கும். இந்த மெற்றலிலோ தாள வட்டமே அடிக்கடி வெட்டுப்படும். நான்கு எண்ணி முடிப்பதற்குள் ஏழு வரும், அதன்பின் ஐந்து வரும். எனவே முதற்கேட்பில் கால் வழுக்கும். மூன்றாம், நான்காம் முறை கேட்கையில் அந்த வெட்டுகளே படிக்கட்டுகளாகத் தெரியும்.

இதற்கு நல்ல சாட்சி, ஜேர்மனியின் ‘நெக்ரொபேஜிஸ்ற்’ குழு 2004இல் வெளியிட்ட ‘எபிராஃப்’ அல்பம். கல்லறை வாசகம் என்பது அந்தப் பெயரின் பொருள். குழுவை நடத்திய முஹம்மட் சூயிச்மெஸ் துருக்கிய வம்சாவளியினர். 1999இல் வந்த முதல் அல்பத்தில் கிற்றார், பேஸ், குரல் மூன்றும் அவருடையவை. டிரம் கணினியில் நிரல்செய்யப்பட்டது. இரண்டாவதான ‘எபிராஃப்’ அல்பத்துக்கு முழுக் குழு அமைந்தது. எட்டுப் பாடல்கள், முப்பத்துமூன்று நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு.

அதன் அழகு தெளிவு. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழும். ஒரு கிற்றார்ச் சொற்கட்டு வந்து போகும். சில கணங்களில் ஒரு மாத்திரை குறைந்தோ கூடியோ திரும்பி வரும். ‘ஒன்லி ஆஷ் றிமெய்ன்ஸ்’ பாடலில் ரஷ்ய இசையமைப்பாளர் புரொகோஃபியேவின் ‘ரோமியோ ஜூலியற்’ நாட்டிய இசைத் துண்டு ஒன்று எடுத்தாளப்படுகிறது. உறுமலுக்கு நடுவே அது ஒட்டுப்போட்டதுபோல் துருத்தவில்லை. ‘எபிராஃப்’ அல்பத்துக்குப் பின் அக்குழுவிடமிருந்து வேறு அல்பம் வரவில்லை. அந்த முப்பத்துச் சொச்சம் நிமிடங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டே ஒரு தலைமுறை கிற்றார் பழகியது.

இந்த வகையின் இன்னொரு தாய்வீடு கனடா. நம்மவர் குடியேறிய மொன்றியலில் ‘கிரிப்ரொப்ஸி’ குழு 1996இல் ‘நண் சோ வைல்’ அல்பத்தைத் தந்தது. அதில் புளோ முனியேயின் டிரம் வாசிப்பை இன்றும் மாணவர்கள் பாடமாகக் கேட்கிறார்கள். கியூபெக்கின் ‘கோர்கட்ஸ்’ 1998இல் வெளியிட்ட ‘ஒப்ஸ்கியூரா’ இனிமையையே கைவிட்டு, முரண்சுரங்களை அடுக்கிக் கட்டியது. வன்கூவரின் ‘ஆர்க்ஸ்பயர்’ வேகத்தின் எல்லையைத் தள்ளிக்கொண்டு போனது. 2021இல் வந்த அதன் அல்பம் அடுத்த ஆண்டு கனடாவின் ஜூனோ இசை விருதையும் வென்றது.

நம் பக்கத்தில் 1992இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘ருத்ரா’வைச் சொல்லவேண்டும். கதிரின் தலைமையில் வேதாந்தத்தையும் சமஸ்கிருத ஓதலையும் டெத் மெற்றலுக்குள் கொண்டுவந்து, 2005 முதல் 2011 வரை ‘பிரம்மவித்யா’ என்ற முத்தொடரை வெளியிட்டார்கள். கொழும்பில் ‘ஸ்ரிக்மாற்றா’ போன்ற குழுக்கள் இலங்கை மெற்றலுக்கு ஒரு மேடையை அமைத்தன. ஆனால் தவிலின் நடைக்கணக்கை எலும்புவரை உள்வாங்கிய ஒரு தமிழ் ரெக்னிக்கல் டெத் மெற்றல் அல்பத்தை நான் இன்னும் கேட்கவில்லை.

குறையையும் சொல்லவேண்டும். அண்மை அல்பங்கள் பலவற்றில் வேகம் இருக்கிறது, மூச்சு இல்லை. ஒவ்வொரு அடியும் கணினியில் திருத்தப்பட்டு ஒரே கனத்தில் விழுகிறது. நல்ல தவில்காரர் கார்வை விடுவார். அந்த மௌனத்தில்தான் அடுத்த அடி பிறக்கும். சபையின் முகம் பார்த்து அவர் கணக்கை மாற்றுவார். எழுதி வைத்து வாசிக்கும் இந்த இசைக்கு அந்த வாய்ப்பு அரிது. ஆகவே எங்கே நிறுத்துவது என்பதை எழுதும்போதே அறிந்தவர்களின் அல்பங்கள்தான் நிலைக்கின்றன. ‘ஹியூமன்’ நிலைப்பது அதனால்தான். ஷுல்டினர் 2001இல், 34 வயதில், மூளைக் கட்டியால் இறந்தார். அவருடைய இடைவெளிகள் இன்னும் கேட்கின்றன.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர் ‘ஹியூமன்’ அல்பத்திலிருந்தே தொடங்கலாம். முதல் தடவை குரலை விட்டுவிட்டு டிரம்மை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை கிற்றார். மூன்றாம் தடவை மடியில் தாளம் போட்டுப் பாருங்கள். எங்கே கை தவறுகிறதோ, அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி கேளுங்கள்.