முரசும் பொறியும்: சைனாடவுனில் பிறந்த ஒலி அட்டையும் தமிழ்த் தாளமும்

முன்னுரை

தாளம் அமைப்பதற்குத் தனிப் பொறி சிறந்ததா, கணினி மென்பொருள் சிறந்ததா என்னும் வினா இசைக்கலைஞரிடையே நெடுநாளாக நிகழ்ந்து வருவது. டிரம் மெஷின் எனப்படும் முரசுப்பொறியையும், சாம்ப்ளர் எனப்படும் ஒலிப்பதிவுக் கருவியையும் கையாள்வோர் இதில் இரு அணியாக நிற்கின்றனர். தமிழ்த்துறை சார்ந்த நாம் இதனைத் தொழில்நுட்பர்தம் பூசல் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் இவ்வினாவுள் நம் இலக்கணநூலாரும் உரையாசிரியரும் எண்ணிப் பார்த்த சிக்கல்கள் சில அடங்கியுள்ளன. தாளத்தின் அளவுகோல் யாது? தோற்கருவிகளை வகைப்படுத்துவோர் யாவர்? வகைப்பாட்டில் விடுபட்ட கருவிக்கு நேர்வது யாது? இவ்வினாக்களைச் சிங்கப்பூர்ச் சைனாடவுனைக் களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சைனாடவுனும் ஒலி அட்டையும்

சைனாடவுனின் யூ தோங் சென் தெருவில் பேர்ல்ஸ் சென்டர் என்னும் கட்டடம் இருந்தது. தாம்சன் பெருவிரைவு ரயில் தடத்தின் பொருட்டு அதனைக் கையகப்படுத்தும் முடிவை அரசு 2012இல் அறிவித்தது. பின்னர் அது இடிக்கப்பட்டது. அங்கேதான் சிம் வோங் ஹூ தம் நண்பருடன் 1981இல் கணினி பழுதுபார்க்கும் சிறு கடையொன்றைத் தொடங்கினார். அக்கடையே கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனமாக வளர்ந்தது. 1989இல் அந்நிறுவனம் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை, அதுவரை பெரும்பாலும் கீச்சொலி மட்டுமே எழுப்பிவந்த வீட்டுக் கணினியைப் பதிவு செய்யவும் இசைக்கவும் வல்ல கருவியாக்கியது. 2023 சனவரியில் சிம் வோங் ஹூ மறைந்தபோது உலக ஏடுகள் பலவும் அவரை நினைவுகூர்ந்தது இதன் பொருட்டே.

நம் பொருளுக்கு இன்றியமையாத நிகழ்ச்சி 1993இல் நடந்தது. அமெரிக்காவின் ஈ-மியூ சிஸ்டம்ஸ் நிறுவனத்தைக் கிரியேட்டிவ் அவ்வாண்டில் வாங்கியது. ஈ-மியூ, ஒலிப்பதிவுக் கருவிகளின் முன்னோடிகளுள் ஒன்று. 1987இல் அது வெளியிட்ட எஸ்.பி.-1200 என்னும் பொறி நியூயார்க் ஹிப்-ஹாப் இசையின் தாள உருவையே வகுத்தது எனலாம். 1994இல் கிரியேட்டிவ் வெளியிட்ட ஏ.டபிள்யூ.இ.32 அட்டையில் ஈ-மியூவின் சில்லு பொருத்தப்பட்டது. பெருந்தொகை கொடுத்து வாங்க வேண்டியிருந்த ஒலிப்பதிவுக் கருவியின் திறன், இவ்வாறு வீட்டுக் கணினிக்குள் வந்து சேர்ந்தது. 2004இல் எமுலேட்டர் எக்ஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டு, ஈ-மியூ தன் பழம்பொறிகளின் பணியைக் கணினிக்கே மாற்றிக்கொண்டது. ஆகவே, வன்பொருள் மென்பொருளாக மாறிய வரலாற்றின் ஓர் இயல், சைனாடவுனில் தோன்றிய நிறுவனத்தின் கீழ் எழுதப்பட்டது எனக் கொள்வதில் தவறில்லை.

இருதரப்பு வாதங்கள்

வன்பொருள் தரப்பினர் மூன்று காரணங்களை முன்வைப்பர். முதலாவது தொடுகை. ரோஜர் லின் வடிவமைத்து 1988இல் அகாய் நிறுவனம் வெளியிட்ட எம்.பி.சி.60 பொறியில் பதினாறு மெத்தைகள் உண்டு. விரலின் அழுத்தத்திற்கேற்ப ஒலி வலுக்கும், மெலியும். சுட்டெலியால் கட்டங்களை நிரப்புவதில் இவ்வுடலுறவு இல்லை. இரண்டாவது கட்டுப்பாடு. எஸ்.பி.-1200 பொறி மொத்தம் பத்து விநாடி ஒலியையே ஏற்கும். இடம் போதாமையால் கலைஞர் இசைத்தட்டை விரைவாகச் சுழற்றிப் பதிந்து, பின்னர் சுருதியைத் தாழ்த்தி இசைத்தனர். அதனால் விளைந்த கரகரப்பே ஓர் அழகியலாயிற்று. யாப்பின் நெருக்கடி சொல்லைக் கூர்மையாக்குவதை அறிந்த நமக்கு இது புதிதன்று. மூன்றாவது நீடிப்பு. ரோலண்ட் டி.ஆர்.-808 பொறி 1980இல் வெளிவந்து 1983இல் நிறுத்தப்பட்டது. அப்பொறிகள் இன்றும் இயங்குகின்றன. அதனைக் கணினியில் போலச்செய்த ரீபர்த் என்னும் மென்பொருளோ 1997இல் வெளிவந்து 2005இலேயே கைவிடப்பட்டது.

மென்பொருள் தரப்பினரின் காரணங்களும் வலுவுடையன. விலை குறைவு, நினைவகம் மிகுதி, செய்த பிழையை எளிதில் திருத்தலாம், ஒரே வேலைப்பாட்டைப் பலவாறு மாற்றிப் பார்க்கலாம். செல்வர் மட்டுமே நுழையக்கூடிய ஒலிக்கூடத்தை மாணவரின் படிப்பறைக்குக் கொண்டுவந்தது மென்பொருளே. இச்சமத்துவத்தைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று.

இருதரப்பும் தத்தம் அளவில் சரியே. ஆயினும் இருதரப்பும் ஒரு பொது அடிப்படையை வினவாமலே ஏற்கின்றன என்பது நம் கருத்து. அவ்வடிப்படை பதினாறு கட்டங்கள் கொண்ட வரிசையாகும்.

பதினாறு கட்டமும் ஐந்து நடையும்

டி.ஆர்.-808 பொறியின் முகப்பில் பதினாறு விசைகள் வரிசையாக உள்ளன. நான்கு அடியும் ஒவ்வோர் அடிக்கு நான்கு பகுப்பும் கொண்ட மேனாட்டு அளவின் உருவம் அது. 1990களின் இறுதியில் வெளிவந்த ஃப்ரூட்டிலூப்ஸ் மென்பொருளும் அதே பதினாறு கட்டங்களைத் திரையில் வரைந்தது. திரைக்கு அத்தகைய எல்லை ஏதும் இல்லை. எனினும் மென்பொருள் தன் முன்னோடியின் உடலைத் தானும் பூண்டுகொண்டது.

நம் தாளமுறையில் தகதிமி என்னும் சதுச்ர நடை இவ்வரிசையில் இயல்பாக அமரும். தகிட என்னும் திச்ரமும், தகதகிட என்னும் கண்டமும், தகிடதகதிமி என்னும் மிச்ரமும், ஒன்பதாகிய சங்கீர்ணமும் அவ்வாறு அமரா. பொறியின் அமைப்பை மாற்றி இவற்றையும் பெறலாம் என்பது உண்மையே. ஆனால் ஒன்று இயல்பாகவும் மற்றொன்று முயற்சியாகவும் அமையுமிடத்து, பழகுவோர் கை இயல்பானதை நோக்கியே செல்லும். பொறியில் மறைந்திருக்கும் இலக்கணம் இதுவே.

இதற்கொரு சான்று காட்டலாம். மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் டி.பி.-303 என்னும் பொறியைச் சிங்கப்பூரில் கண்டு பெற்றவர். அதனையும் டி.ஆர்.-808 பொறியையும் கொண்டு, 1982இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து இசைத்தட்டாக வெளியிட்டார். அன்று கவனம் பெறாத அத்தட்டு 2010இல் மறுவெளியீடு கண்டு, பிற்கால மேனாட்டு நடன இசையை முன்கூட்டியே காட்டிய படைப்பாகப் போற்றப்படுகிறது. அப்போற்றுதல் தகும். ஆனால் திறனாய்வு நோக்கில் ஒன்றைச் சுட்டவேண்டும். அத்தட்டில் இராகம் பத்தும் வேறுபடுகின்றன, தாளம் வேறுபடவில்லை. பண்ணுக்குப் பொறி இடங்கொடுத்தது. தாளத்தைப் பொறியே வகுத்தது.

மாறாக, புல்லாங்குழல் கலைஞரும் பொறியியலாளருமான இராஜ் நாராயண் நிறுவிய பெங்களூரு ராடெல் நிறுவனத்தின் தாள்மாலா என்னும் மின்தபலா, தாளத்தின் பெயரைக் கொண்டே இயங்குவது. கட்டங்களை எண்ணாமல் தாளத்தைத் தெரிவு செய்யும் முறை அதிலுள்ளது. அதுவும் வன்பொருளே. எனவே பிரிவு வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையில் இல்லை. வடிவமைப்போர் எத்தாளத்தை முதலில் எண்ணினர் என்பதில் உள்ளது.

பட்டியலில் விடுபட்ட தவில்

சிலப்பதிகார அரங்கேற்றுகாதை, ஆடலாசிரியன், இசையாசிரியன், நன்னூற் புலவன் ஆகியோரை அடுத்துத் தண்ணுமை ஆசிரியனின் அமைதியைத் தனியே கூறுவதை நாம் அறிவோம். அப்பகுதிக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் தோற்கருவிகள் பலவற்றைப் பட்டியலிட்டு, அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு முதலாக வகைப்படுத்துகிறார். பட்டியலில் இடம்பெறுதல் என்பது அறிவுலகில் இடம்பெறுதலாகும்.

மின்னணு இசையுலகிற்கும் ஒரு பட்டியல் உண்டு. 1991இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி தரநிலை, 128 இசைக்கருவிகளையும் 47 தாளவொலிகளையும் எண்ணிட்டு நிறுவியது. ஒலி அட்டைகள் பலவும் அதனைப் பின்பற்றின. அதில் சித்தாரும் ஷெனாயும் உள்ளன. தாளவொலிகளுள் போங்கோ, கொங்கா, திம்பாலே, மரக்காஸ், குயீக்கா ஆகியன உள்ளன. மிருதங்கம் இல்லை, தபலா இல்லை, தவில் இல்லை, உறுமி இல்லை. இந்தியாவின் நரம்பும் துளையும் ஏற்கப்பட்டன; தோல் ஏற்கப்படவில்லை.

பேர்ல்ஸ் சென்டர் இருந்த இடத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் சவுத் பிரிட்ஜ் சாலை உள்ளது. 1827இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் அங்குதான் இருக்கிறது. நாதசுவரமும் தவிலும் ஒலிக்கும் இடம் அது. அக்கோயிலின் அண்மையில் தோன்றிய நிறுவனத்தின் ஒலி அட்டையில் தவில் ஒலி இல்லாது போனமைக்கு அந்நிறுவனத்தைக் குறை கூறுவது பொருந்தாது. தரநிலையை வகுத்தோர் அமெரிக்க, சப்பானியக் கருவியாளர் அமைப்பினர். ஆயினும் விளைவு விளைவே. அக்காலத்தில் இயல்பொலிகளை மட்டும் நம்பித் தமிழ்ப்பாடலுக்குத் தாளம் அமைக்க முனைந்தவருக்குக் கிடைத்தது கொங்காவே.

இங்குதான் ஒலிப்பதிவுக் கருவியின் சிறப்புப் புலனாகிறது. ஏ.டபிள்யூ.இ.32 அட்டையில் 512 கிலோபைட்டு நினைவகம் இருந்தது; அதனை 28 மெகாபைட்டு வரை விரிக்கலாம். சவுண்ட்ஃபாண்ட் என்னும் முறையால் பயனர் தாமே பதிவு செய்த ஒலியை அதில் ஏற்றலாம். பட்டியலில் இல்லாத தவிலைப் பட்டியலில் சேர்க்கும் உரிமை அவ்வகையில் பயனரின் கைக்கு வந்தது. எம் பார்வையில், இவ்வட்டையின் மெய்யான புரட்சி அதன் ஒலித்தரத்தினும் இவ்வுரிமையில்தான் உள்ளது.

அந்நினைவகம் தமிழ்த் தோற்கருவிக்கு ஏன் தேவை? தவிலில் ஒருபுறம் கோலும் மறுபுறம் கூடணிந்த விரல்களும் ஒலிக்கின்றன. உறுமியில் வளைகோல் தோலைத் தேய்க்கும் உராய்வொலி அடிதோறும் வேறுபடும். மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கி, சுருதி வழுக்கிச் செல்லும் ஒலி. இவற்றுள் ஒன்றை ஒருமுறை பதிந்து பலமுறை ஒலிப்பின், செவி அதனை உடனே பொறியொலி என இனங்காணும். ஒவ்வோர் அடியையும் பல அழுத்தங்களில், பலமுறை பதிதல் வேண்டும். பத்து விநாடியில் அடங்குவதன்று அது. இவ்வகையில் மென்பொருளின் இடமிகுதி தமிழ்த் தாளத்திற்கு உறுதியாகவே நன்மை. மறுபுறம், விரலால் இசைக்கப்படும் மரபாதலின், அப்பதிவுகளை இசைத்திட அழுத்தம் உணரும் மெத்தைப்பொறி ஏற்றது. கை வன்பொருளை வேண்டுகிறது. தோல் மென்பொருளை வேண்டுகிறது.

சொல்லில் வாழும் தாளம்

தொல்காப்பியம் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்தது. அளவுகோல் உடலேயாகும். அருணகிரிநாதர் பாடல்களுக்குரிய சந்தக்குழிப்பு, பொருளினின்றும் பிரித்தெடுக்கக்கூடிய தாளவடிவம். சொற்கட்டோ எத்தோற்கருவியிலும் வாசிக்கத்தக்கது. கருவியின்றி வாயாலும் ஒலிக்கத்தக்கது. கருவியைச் சாராது நினைவில் நிற்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள் எனின், நம் மரபு தாளத்தின் மென்பொருளை நெடுங்காலமாகப் பேணி வந்துள்ளது. இவ்வொப்புமையை மிகைப்படுத்தலாகாது, சொற்கட்டைக் கற்பிக்க ஆசிரியரும், இசைக்கும் உடலும் வேண்டும். ஆயினும் ஒரு படிப்பினை தெளிவு. பொறியும் அழியும், மென்பொருளும் அழியும். சொல்லாக எழுதிவைக்கப்பட்ட தாளம் அடுத்த பொறியிலும் உயிர்பெறும்.

சிங்கப்பூர்ச் சூழலில் இது வெறும் கொள்கையாக நிற்பதன்று. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் தடை இருந்தது. 2016இல் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடமளிக்கப்பட்டது. தெருவில் உறுமி ஒலிக்கும் வாய்ப்பு நெடுங்காலம் சுருங்கியிருந்தமையால், இளந்தலைமுறையினருள் சிலர் அதன் ஒலியை முதலில் கேட்பது பதிவாகவே இருக்கக்கூடும். அப்பதிவைச் செய்தவர் யார், வாசித்தவர் யார், அவர்க்கு ஊதியமும் பெயரும் கிட்டினவா என்னும் வினாக்கள் அதனால் கூர்மை பெறுகின்றன. ‘இந்தியத் தாளம் 3’ என்னும் பெயரோடு ஓர் ஒலிக்கோப்பு விற்கப்படுமாயின், தண்ணுமை ஆசிரியனுக்குத் தனி இடம் வகுத்த மரபிற்கு அது இழுக்கேயாகும்.

முடிவுரை

வன்பொருள், மென்பொருள் என்னும் பூசலில் ஒருபுறம் சார்வதற்குத் தமிழ் நோக்கில் காரணம் இல்லை. பதினாறு கட்டத்தின் ஆட்சி இரண்டிலும் உண்டு. அதனை மீறும் வழியும் இரண்டிலும் உண்டு. தேர்வுக்குரிய அளவுகோல்களாக மூன்றனைக் கூறலாம். ஐந்து நடைக்கும் இயல்பாக இடந்தருகிறதா? நம் தோற்கருவியின் ஒலியை நாமே பதிந்து ஏற்ற விடுகிறதா? பதிந்ததைப் பொறி மறைந்த பின்னும் வேறிடத்திற்கு எடுத்துச்செல்ல இயலுமா?

மூன்றாவது வினாவிற்கு விடை காணும் பொறுப்பில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு. தவில், உறுமி, பறை ஆகியவற்றின் ஒவ்வோர் அடியையும் கலைஞரின் இசைவோடும் பெயரோடும் பதிந்து, அடியின் பெயரையும் சொற்கட்டையும் தமிழில் உடனெழுதி, பொது ஒலிக்கோப்பு வடிவில் காத்தல் வேண்டும். பதிவுக்கருவியொன்றும் கலைஞர் ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் கூடினால் ஒரு பள்ளியிலும் இதனைத் தொடங்கலாம். அடியார்க்குநல்லார் தம் காலத்துக் கருவிகளுக்குப் பட்டியல் எழுதினார். இக்காலத்திற்குரிய பட்டியலைப் பிறர் எழுதி நாம் விடுபட்டோம். அதனை நாமே எழுதுவதற்குரிய கருவி இப்போது நம் மேசைமேல் உள்ளது.