தைத்தவர் இல்லாத உடை

ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' வெளிவந்து 25 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. கூடவே அந்தப் படத்தைப் பற்றிய பழைய புகழுரையும் திரும்பி வந்தது. நடிகை மேகி சியுங் அணிந்துவரும் சிபாவ் என்ற சீனப் பெண்களின் நீள உடைகளே படத்தின் உண்மையான கதாநாயகி, அவள் வாய்திறந்து சொல்லாததை எல்லாம் அந்தப் பட்டும் பூவேலையும் சொல்லிவிடுகின்றன என்கிறார்கள். இப்படி எழுதுகிறவர்கள் படத்தை நேசிப்பவர்கள். நானும் நேசிக்கிறவன்தான். ஆனால், சீனக் காதல் படங்களில் சிபாவ் கையாளப்படும் விதத்தின் மீது எனக்கு நீண்ட நாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்தப் புகழுரை எதைச் சாதனை என்று கொண்டாடுகிறதோ, அங்கேதான் அந்த மனத்தாங்கல் தொடங்குகிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படத்துக்கு உடை வடிவமைத்த வில்லியம் சாங்தான் படத்தொகுப்பும் செய்தார். அதே மாடிப்படி, அதே நூடுல்ஸ் கடை, அதே இசை. சிபாவ் மட்டும் மாறியிருக்கிறது. அதை வைத்தே நாள்கள் ஓடிவிட்டன என்று பார்வையாளர் அறிகிறார். உடையைக் கொண்டு காலத்தை வெட்டி ஒட்டிய அந்த உத்திக்கு இணையாக உலக சினிமாவில் அதிகம் சொல்ல முடியாது. உயரமாக விறைத்து நிற்கும் கழுத்துப்பட்டி, தலையைத் திருப்புவதையே ஒரு நிகழ்ச்சியாக்குகிறது. சுவர்த்தாளும் திரைச்சீலையும் சிபாவின் பூக்களும் ஒன்றோடொன்று உரசும் அந்தக் குறுகிய தாழ்வாரங்கள் மறக்கக்கூடியவை அல்ல. 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் திறனாய்வாளர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் இப்படம் ஐந்தாம் இடத்துக்கு வந்ததில் எனக்கு வியப்பில்லை.

என் கேள்வி வேறு. மேகி சியுங் நடித்த சூ லீ-ஜென்னின் சிபாவ்களைத் தைத்தது யார்?

படத்தின் கதைமுடிச்சே பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதில்தான் இருக்கிறது. அண்டைவீட்டுக்காரன் சௌ மோ-வான் கட்டியிருக்கும் டை போலவே தன் கணவனிடமும் ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. அவள் வைத்திருக்கும் கைப்பை போலவே தன் மனைவியிடமும் ஒன்று இருக்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது. இரண்டும் வெளிநாட்டில் வாங்கியவை, ஹாங்காங்கில் கிடைக்காதவை. தங்களின் வாழ்க்கைத் துணைகள் இருவருக்குள்ளும் உறவு இருப்பது அப்படித்தான் வெளிப்படுகிறது. அலுவலகத்தில் அவளுடைய முதலாளி புதிய டை கட்டி வந்தால் அவள் கண்ணுக்கு உடனே படுகிறது. அதை யார் கொடுத்திருப்பார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். ஜப்பானிலிருந்து வந்த மின்சார அரிசிக் குக்கருக்குக்கூட, யார் கொண்டுவந்தார்கள், அண்டைவீட்டார் எப்படி வியந்தார்கள், பணம் எப்படிக் கைமாறியது என்ற முழு வரலாறு படத்தில் இருக்கிறது. காய்ச்சலில் கிடக்கும் சௌவுக்கு எள் கஞ்சி குடிக்க ஆசை என்றால், அவள் பானை நிறையக் கஞ்சி காய்ச்சுகிறாள். உணவகத்தில் இருவரும் மற்ற இருவராக நடித்துப் பார்க்கும்போது, அவன் மனைவிக்குப் பிடித்த கடுகுக் காரத்தை அவள் நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். ஒரு பொருள் எங்கே வாங்கப்பட்டது, யார் கைபட்டது, யாருக்காக வந்தது என்று இவ்வளவு கூர்மையாகக் கவனிக்கும் படம், திரையை நிறைத்திருக்கும் சிபாவ் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கதை தொடங்கும் 1962இன் ஹாங்காங்கில் நல்ல சிபாவ் கடையில் தொங்கியதை எடுத்துப் போட்டுக்கொள்ளும் உடை அல்ல. கழுத்துச் சுற்று, தோள், மார்பு, இடுப்பு, தொடை என்று அளவெடுத்துத்தான் தைப்பார்கள். துணியை அவளே தேர்ந்திருப்பாள். லைனிங், ஓரத்துப் பைப்பிங்கின் நிறம், முடிச்சுப் பொத்தானின் வடிவம், பக்கவாட்டுத் திறப்பின் உயரம் எல்லாம் பேசி முடிவானவை. பாதி தைத்த நிலையில் போட்டுப் பார்த்து, டார்ட்டைப் பிடித்து, மறுபடி பிரித்து அடிப்பார்கள். பசையும் இஸ்திரியும் இல்லாமல் அந்தக் கழுத்துப்பட்டி நிற்காது. 1949இல் சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததை ஒட்டி ஷாங்காயிலிருந்து ஹாங்காங்குக்கு வந்தவர்களில் தையற்காரர்கள் பலர் உண்டு. சூ லீ-ஜென் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாள் ஷாங்காய் மொழி பேசுகிறவர். அந்தச் சமூகத்தின் சாப்பாடும் மாஜோங் மேசையும் அக்கம்பக்க வம்பும் படத்தில் முழுதாக வந்துவிட்டன. தையற்காரர் மட்டும் வரவில்லை. கப்பல் நிறுவனத்தில் செயலாளராக இருக்கும் பெண்ணுக்கு இத்தனை சிபாவ்கள் எப்படி வந்தன? சம்பளத்தில் மிச்சம் பிடித்தாளா? கணவன் பணமா? ஊரிலிருந்து வந்த துணிகளா? நூடுல்ஸ் வாங்கப் போவதற்கா இத்தனை அலங்காரம் என்று பக்கத்து வீட்டுக் குரல் ஒன்று கேட்கிறது. படத்தின் மிக நல்ல கேள்வி அதுதான். அதைக் கேட்டுவிட்டுப் படம் கடந்துபோகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை எனக்குத் தெரியும். இது நடப்பியல் படம் அல்ல, நினைவின் படம். நினைவில் தையல் கூலி இருக்காது என்பார்கள். அரிசிக் குக்கர் இருக்கும் நினைவில் தையற்கடை ஏன் இருக்கக்கூடாது? நினைவு என்றால் யாருடைய நினைவு என்றும் கேட்க வேண்டும். இறுதியில் கம்போடியாவில், அங்கோர் வாட்டின் கல் துளையில் ரகசியத்தைச் சொல்லி மூடுபவன் ஆண். அவன் நினைவில் அவள் பெரும்பாலும் முதுகாகவும் இடுப்பாகவும் படியேறும் கால்களாகவும் மிஞ்சுகிறாள். கழற்றிப் போடாத, வியர்க்காத, துவைக்கக் கொடுக்காத, பழையதாகாத உடைக்குள் அவள் நிற்கிறாள். அவள் என்ன விரும்பினாள் என்று கேட்டால் ரசிகர்கள் உடையைக் காட்டுகிறார்கள். ஒரு பெண் என்ன உடுத்துவது என்று தானே முடிவெடுத்த இடத்தை நீக்கிவிட்டு, அந்த முடிவின் விளைவை மட்டும் காட்டினால், அவளுடைய விருப்பம் இயக்குநரின் ரசனையாக மாறிவிடுகிறது. 2000ஆம் ஆண்டு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது சௌவாக நடித்த டோனி லியுங்குக்குப் போயிற்று. தொழில்நுட்பப் பரிசு வில்லியம் சாங்குக்கும் ஒளிப்பதிவாளர்கள் இருவருக்கும் போயிற்று. மேகி சியுங்கைத் தைவானும் ஹாங்காங்கும் கௌரவித்தன. கான் கௌரவிக்கவில்லை. அந்த ஒரு முடிவின் மீது அதிகம் ஏற்றிச் சொல்லக்கூடாது என்று தெரிந்தும், அது எனக்கு உறுத்துகிறது.

உறுத்தக் காரணம் அந்த உடையின் பிறப்பு. 1920களில் சீன நகரங்களில் படித்த பெண்கள் மேற்சட்டையும் பாவாடையுமான இரட்டை உடையை விட்டு, ஆண்கள் அணியும் நீள அங்கியைப் போன்ற ஒற்றை உடைக்கு மாறினார்கள். எழுத்தாளர் ஐலீன் சாங் 1943இல் எழுதிய கட்டுரையில் இந்த மாற்றத்தை ஆணுக்குச் சமமாக நிற்கும் ஆசையோடு சேர்த்தே பார்த்தார். தொடக்க காலச் சிபாவ் தொளதொளவென்று நேராக விழும். உடலைப் பிடிப்பது பிறகு வந்தது. 1929இல் சீன அரசு அதைப் பெண்களின் முறைசார் உடைகளில் ஒன்றாக ஏற்றது. மாணவியரும் ஆசிரியைகளும் நீலப் பருத்தியில் அதை உடுத்தி வகுப்புக்குப் போனார்கள். ஹாங்காங்கின் சில பெண்கள் பள்ளிகளில் இன்றும் அது சீருடை. பேருந்தைப் பிடிக்க ஓடும் சிறுமிகளின் உடையை, ஓடவே முடியாத ஏக்கத்தின் உடையாகக் காதல் சினிமா சுருக்கிவிட்டது.

ஆரம்பத்தில் சினிமா இப்படி இருக்கவில்லை. 1934இல் ஊ யோங்காங் இயக்கிய 'தெய்வ மகள்' என்ற மௌனப் படத்தில் ருவான் லிங்யூ மகனை வளர்க்க இரவில் உடலை விற்கும் தாய். அவளுடைய ஒற்றை அறையில் குழந்தையின் பொருள்களுக்கு நடுவே சிபாவும் தொங்குகிறது. அது அவளுக்குத் தொழில் கருவி. அதை உடுத்தினால் வேலைக்குப் போகிறாள், கழற்றினால் அம்மா ஆகிறாள். அந்தத் துணியின் விலை என்ன, அது எதைச் சம்பாதித்துத் தருகிறது என்று பார்க்கிறவருக்கு விளங்கிவிடுகிறது. வசனமே இல்லாத படம் சிபாவைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிந்தது.

அந்தப் பாதையை மூடியதில் ஹாலிவுட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 1955இல் 'லவ் இஸ் எ மெனி-ஸ்ப்ளெண்டர்ட் திங்' படத்தில் ஜெனிபர் ஜோன்ஸ் சிபாவ் அணிந்து ஹாங்காங் குன்றின் மேல் காதலனுக்காகக் காத்திருந்தார். படத்துக்கு உடையலங்கார ஆஸ்கர் கிடைத்தது. 1960இல் 'தி வேர்ல்ட் ஆஃப் சூசி வோங்'. அதில் நான்சி குவான் மேற்கத்திய உடை அணிந்து மகிழ்ச்சியோடு வந்து நிற்க, வில்லியம் ஹோல்டன் நடித்த ஓவியன் கோபத்தில் அதைக் கிழித்தெறிகிறான். சிபாவில்தான் அவள் அழகு என்று ஆண் தீர்ப்புச் சொல்ல, காதல் கதை அதை ஏற்றுக்கொள்கிறது. வோங் கார்-வாயை இந்த வரிசையில் நிறுத்துவது அநியாயம் என்று வாதிடலாம். அவருடைய படத்தில் ஒருவரும் எதையும் கிழிப்பதில்லை, கேமராவுக்குக் கண்ணியம் இருக்கிறது. ஆனால், பெண் எதில் அழகு என்ற தீர்ப்பு அங்கும் அவளிடம் இல்லை. கிழிப்பதை விடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது நாகரிகமான முன்னேற்றம். அதற்கு மேல் அதில் விடுதலையைக் காண என்னால் முடியவில்லை. 2015இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் சீனாவைப் பற்றிய ஆடைக் கண்காட்சிக்கு அவரையே கலை இயக்குநராக அழைத்தது. அந்த அழைப்பு தற்செயலாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆங் லீயின் 'லஸ்ட், காஷன்' ஓரளவு தப்பிக்கிறது. அங்கே சிபாவ் மாறுவேடம். ஒரு மாணவி, பணக்கார வணிகரின் மனைவியாக நடிக்கப் போட்டுக்கொள்வது. படத்தில் தையற்கடைகூட உண்டு. வேடத்துக்கு விலை உண்டு, ஆபத்து உண்டு, அதை அவள் தெரிந்தே அணிகிறாள்.

ஆபத்து என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'இன் த மூட் ஃபார் லவ்' 1966இல் முடிகிறது. பிரெஞ்சு அதிபர் ட கோல் கம்போடியா வந்த செய்திப் படத்தைக்கூட அதில் செருகியிருக்கிறார்கள். அதே ஆண்டு சீனாவில் பண்பாட்டுப் புரட்சி தொடங்கிவிட்டது. 1967 ஏப்ரலில் பீகிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் அதிபர் லியூ ஷாவ்ச்சியின் மனைவி வாங் குவாங்மெய்யைச் செங்காவலர்கள் இழுத்துவந்தார்கள். 1963இல் இந்தோனேசியப் பயணத்தில் அவர் சிபாவ் அணிந்திருந்ததே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. கட்டாயப்படுத்திச் சிபாவ் அணிவித்து, கழுத்தில் பிங்பாங் பந்து மாலை போட்டுப் பெருங்கூட்டத்தின் முன் அவமானப்படுத்தினார்கள். ஹாங்காங்கில் தைப்பது தொடர்ந்ததும், மறுபுறம் அதே உடை தண்டனையானதும் ஒரே வரலாறு. இதையெல்லாம் ஒரு காதல் படத்திடம் எதிர்பார்ப்பது அதிகம் என்பீர்கள். ட கோலுக்கு இடம் கொடுத்த படத்திடம் கேட்கிறேன்.

என் குற்றச்சாட்டுக்கு மிக வலுவான சாட்சி வோங் கார்-வாயே. 2004இல் 'ஈரோஸ்' என்ற தொகுப்புப் படத்துக்காக அவர் எடுத்த 'தி ஹேண்ட்' குறும்படத்தில் கோங் லி ஒரு விலைமாது, சாங் சென் அவளுக்குச் சிபாவ் தைக்கும் இளம் தையற்காரன். துணி, அளவு, பாக்கிப் பணம், நொடித்துப்போகும் வாழ்க்கை, நோய் எல்லாம் அதில் உண்டு. அவள் உடல் மாறிப்போன பிறகு அவன் கைகளாலேயே அளவெடுக்கும் காட்சியில், தைப்பவனின் அறிவும் அணிபவளின் நாணமும் பழகிய இருவரின் துயரமும் ஒன்றாகத் திரள்கின்றன. சிபாவ் எப்படிப்பட்ட காதலைச் சுமக்க வல்லது என்று அவருக்கு நன்றாகவே தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சிபாவ் தைக்கும் ஹாங்காங் கைவினை 2021இல் சீன தேசிய மரபுப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. என்றாலும் விழாக்கள் திரும்பத் திரும்பத் திரையிடுவதும், சுவரொட்டிகள் அச்சிடுவதும் மாடிப்படியில் இறங்கும் அந்த முதுகைத்தான்.

மேகி சியுங்கின் திறமையை அறிய விரும்புகிறவர்கள் பீட்டர் சான் 1996இல் எடுத்த 'காம்ரேட்ஸ்: ஆல்மோஸ்ட் எ லவ் ஸ்டோரி'யைப் பார்க்கட்டும். சீனாவிலிருந்து பிழைக்க வந்து மெக்டொனால்ட்ஸ் சீருடையில் வேலை பார்க்கும் பெண் அவர். காசுக்காகப் பொய் சொல்கிறார், கடன் படுகிறார், தவறான ஆளோடு போகிறார், எல்லா முடிவையும் தானே எடுக்கிறார். அந்த ஆள் இறந்தபின், உடலை அடையாளம் காட்டச் சவக்கிடங்குக்கு வரும்போது, இறந்தவரின் முதுகில் பச்சை குத்தியிருக்கும் மிக்கி மவுஸைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு முகத்திலேயே அழுகையாக உடைகிறது. தமிழில் உலக சினிமா பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியை விட்டுவிட்டு ஏன் சிபாவையே பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சீனக் காதல் சினிமாவில் அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு இங்கேதான் இருக்கிறது. நான்கு ஆண்டு கழித்து வோங் கார்-வாய் அந்த முகத்துக்கு உயரமான கழுத்துப்பட்டி வைத்தார், கேமராவை அவர் முதுகுப் பக்கம் கொண்டுபோனார். உடை பேசட்டும் என்று விட்டதில் நாம் இழந்தது அந்த முகத்தை.