குதிரையும் குதிரைக்கொம்பும்

மனத்துயரால் வருந்துவோரைக் குதிரையோடு பழகவிட்டுத் தேற்றும் முறை மேனாடுகளில் பரவியிருக்கிறது. நோயாளி குதிரையைத் தேய்த்துவிடுகிறார். கயிற்றைப் பிடித்து நடத்துகிறார். அப்போது மனத்தில் எழுவனவற்றை உளநல நிபுணர் உடனிருந்து பேசித் தெளிவிக்கிறார்.

இம்முறையைப் புகழ்வோர் பலர் கூறும் விளக்கம் ஒன்றை ஆராய்வோம். குதிரையின் இதயத்துக்கு மிகப் பெரிய மின்காந்தப் புலம் உண்டாம். அருகில் நிற்பவரின் இதயத்தைத் தன்னோடு இசைய வைத்து அது அமைதி தருமாம்.

இதயத்துக்குக் காந்தப் புலம் உண்டு என்பது மெய்யே. 1963-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் அதை அளந்து காட்டினர். ஆனால் அளவைப் பாருங்கள். மனித மார்பருகே அது புவிக் காந்தப் புலத்தில் சில இலட்சத்தில் ஒரு பங்குதான். விலக விலக விரைவில் தேய்ந்துவிடும். குதிரையின் புலம் அதைவிடப் பல மடங்கு என்றே கொண்டாலும் காந்த ஊசி அசையாது. மேலும், ஓய்வில் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 40 முறை துடிக்கிறது. நம்முடையது 60-க்கு மேல். எது எதனோடு இசைவது?

அப்படியானால் குதிரை நம்மை உணர்வதில்லையா? நன்றாகவே உணர்கிறது. பெர்லினில் கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரை, கேட்பவரின் நுண்ணிய தலையசைவைக் கண்டே குளம்பு தட்டுவதை நிறுத்தியது என்று 1907-இல் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் விளக்கினார். கண் போதும், காந்தம் வேண்டா.

சரி, நோய் தணிகிறதா? 14 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான மதிப்பீடு, போதிய சான்று இல்லை என்றது. 2021-இல் வெளியான கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வில், அதிர்ச்சியின் பின்விளைவால் வருந்திய முன்னாள் படைவீரர் 63 பேர் 8 வாரம் பழகினர். ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் துன்பம் குறைந்தது. ஆயின் ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இல்லை.

ஊசலின் நீளத்தையும் குண்டையும் ஒருசேர மாற்றிவிட்டு, அலைவு நேரம் மாறியதற்குக் குண்டே காரணம் என்று எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. இங்கும் குதிரை, திறந்தவெளி, நண்பர் கூட்டம், நிபுணரின் பரிவு எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன. அதே நிபுணரோடு தோட்டவேலை செய்யும் மற்றொரு குழுவையும் வைத்துப் பார்த்தாலன்றோ குதிரையின் பங்கு தெரியும்?

குதிரையின் துணை ஆறுதல் தரலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் காந்தப் புலத்தை நம்பி, பயன் கண்ட மருத்துவத்தை ஒருவர் கைவிட்டால் இழப்பு அவருக்கே. அறிவியல் பெயர் சூட்டிய விளக்கம் எதைப் படித்தாலும், வாசகர்களே, முதலில் ‘எவ்வளவு?’ என்று கேளுங்கள்.